கூடுமானவரை இருவர்

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம்தான். உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடு. மேசையில் உட்கார்ந்தபடி பிஸ்கட் கொறிப்பதைச் சாப்பாட்டில் சேர்க்காதே.

நான் போனை எடுப்பதில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். அந்தச் செய்தி போனில் வந்த நாளிலிருந்து, மணியடித்தால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன். போன வாரம் அதை அணைத்து மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஆகவே இனி நமக்குள் தபால்தான். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

உன் மாமா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. பார்ப்பவர்கள் எல்லாம் "அழுதுடும்மா, மனசுல வச்சுக்காதே" என்கிறார்கள். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருக்கிறது. கன்னம் இருப்பது கைக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமாவோடு ஜோடியாக வேலை பார்த்த நெட்டை வந்திருந்தார். லிஃப்ட் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வருகிறதாம். அதில் பதினான்காவது பிரிவு: லிஃப்ட் குழிக்குள் மெக்கானிக் தனியாக இறங்கக் கூடாது, இன்னொருவர் கட்டாயம் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நிற்க வேண்டும். "சட்டம் போடறதுக்கு முன்னாடி யார் வேணா கருத்து சொல்லலாமாம். அதுக்குன்னு இணையத்துல ஒரு தளம் வச்சிருக்காங்க. உங்க தம்பி அந்த ஆபீஸ்லதானே இருக்காரு?" என்றார். உன் மாமா போன அன்றைக்குச் சுவிட்ச் பக்கத்தில் நின்றிருக்க வேண்டியவர் அவர்தான். கம்பெனி காலையிலேயே அவரை வேறு கட்டடத்துக்கு அனுப்பிவிட்டது. அதை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார்.

நான் எழுதிப் பார்த்தது இது. சரிதானா சொல்.

"என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்குத் தனியாகக் குழியில் இறங்கினார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் ஒருத்தர் நின்றிருந்தால் போதும். படித்தவராக இருக்க வேண்டாம். போடாதீங்க, உள்ளே ஆள் இருக்கார் என்று சொல்லத் தெரிந்தால் போதும். அது நானாகக்கூட இருந்திருக்கலாம். அன்றைக்கு நான் வீட்டில் சும்மாதான் இருந்தேன்."

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வயிறு பரவாயில்லை. உன் முட்டி வலி எப்படி? நாலு மாடி ஏறி இறங்குகிறாய் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். லிஃப்ட் வேலை செய்யும்போதும் படியில்தான் போகிறாயாம்.

நான் வேலை பார்ப்பது அந்தத் தளத்தில்தான். மக்கள் போடும் கருத்துகளைப் படித்து, பிரிவு வாரியாக அடுக்கிச் சட்டக் குழுவுக்கு அனுப்புவது என் வேலை. ஒரு பிரிவைப் பற்றி இருநூறு தனித்தனிக் கருத்துகள் வந்துவிட்டால், அந்த மக்களை நேரில் கூப்பிட்டுக் கேட்காமல் குழு அதில் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. லிஃப்ட் கம்பெனிகள் 'கட்டாயம்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மோதிக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்த இருநூறு முக்கியம். மார்ச் 15 கடைசி நாள்.

நீ எழுதியதைப் படித்தேன். தப்பாக நினைக்காதே, அப்படியே போட்டால் 'தனிப்பட்ட துயரம்' என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். கடைசி இரண்டு வரி கண்டிப்பாக வேண்டாம், சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாற்றி எழுதியிருக்கிறேன்:

"பிரிவு 14-ஐ ஆதரிக்கிறேன். பராமரிப்புப் பணியின்போது மின் இணைப்பைக் கண்காணிக்க இரண்டாவது பணியாளர் இருப்பது உயிரிழப்பைத் தடுக்கும். 'கட்டாயம்' என்ற சொல் எந்நிலையிலும் நீக்கப்படக் கூடாது."

நான் எழுதிக் கொடுத்தேன் என்று யாரிடமும் மூச்சு விடாதே. இங்கே வேலை செய்பவர்கள் யாருக்கும் கருத்து எழுதித் தரக் கூடாது. தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

முட்டிக்கு எண்ணெய் தேய்.

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முட்டியும் நானும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

உன் பத்தியைப் படித்ததும் நெட்டை எழுந்து நின்றுவிட்டார். "இதுக்குப் பேர்தான் எழுத்து" என்றார். யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை. 'தெரிந்தவர்' என்றேன். அவர் முதல் ஆளாக அதை அப்படியே போட்டார். பிறகு லிஃப்ட் தொழிலாளர் சங்கத்தில் சொன்னார். இப்போது நூலகத்தில் தினமும் வரிசை நிற்கிறது. பாதிப் பேருக்குக் கணினி தெரியாது. நூலகத்தம்மா உன் பத்தியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் திரைக்கு மேலே ஒட்டிவிட்டார். பார்த்துப் பார்த்து அடிக்கிறார்கள். ஒரு பெரியவர் ஒற்றை விரலால் 'பராமரிப்பு' அடித்து முடிப்பதற்குள் மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.

நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு எழுத்து மாறக் கூடாது என்று எல்லோரையும் கண்காணிக்கிறேன். நேற்று ஒருவர், "எனக்கு வேலையில ரெண்டு விரல் போச்சு, அதைக் கீழே ஒரு வரி சேத்துக்கட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாங்க, படிச்சவங்க யோசிச்சு எழுதினது. அப்படியே போடுங்க" என்றேன். சரியென்று மீதி விரல்களால் அடித்துவிட்டுப் போனார்.

இன்றோடு நூற்று எழுபது பேர். 15-ஆம் தேதிக்குள் முந்நூறு தாண்டும். எல்லோரும் போட்ட பிறகு கடைசியாக நான் போடுகிறேன். சந்தோஷமா என்று கேட்காதே, எனக்குத் தெரியவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் செருப்பைத் தேடுகிறேன். ஒரு வருஷமாகத் தேடவில்லை.

உன் புண்ணியம்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. நானும் நலம்.

இங்கே அலுவலகத்தில் எல்லோருக்கும் புது நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். முதுகுக்கு நல்லது என்கிறார்கள். ஜன்னலை இனித் திறக்க முடியாதபடி அடைத்துவிட்டார்கள், குளிர்சாதனம் வருகிறதாம். வயிறு சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் இல்லை.

நூலகத்தில் அதிக நேரம் உட்காராதே, முட்டி பிடித்துக்கொள்ளும்.

வேறு விசேஷமில்லை.

தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? உன் போன கடிதத்தில் நாற்காலியைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொண்டேன்.

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். கடைசி ஆள் நான். கடைசி நாள் மாலை நாலரைக்குப் போட்டேன். நூலகத்தம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு சந்தேகம். போட்ட எல்லோருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள் அல்லவா? நேற்று நூலகத்தில் அதைப் போட்டுப் பார்த்தோம். நெட்டைக்கு மட்டும் 'ஏற்கப்பட்டது' என்று வருகிறது. மற்ற முந்நூற்றுப் பதினோரு பேருக்கும் 'இணைக்கப்பட்டது' என்று வருகிறது. நூலகத்தம்மாவுக்கும் அர்த்தம் தெரியவில்லை. நெட்டைக்கு ஒரே கூச்சம், தான் மட்டும் என்ன பெரிய ஆளா என்று.

என்னவென்று ஒரு வரி எழுது. எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள்.

அக்கா


மே 22

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். ஆறு வாரமாகப் பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல்லாவது விழும்போது ஒரு சத்தம் கொடுக்கும். உடம்பு சரியில்லையா? வயிற்றுக்கு மறுபடியும் ஏதாவதா? அதையாவது எழுது.

அக்கா


ஜூலை 14

தம்பிக்கு,

நீ நலம் என்று எதிர்வீட்டுக்காரர் மூலம் தெரிந்துகொண்டேன். அவர் போனை நீ எடுக்கிறாய். நல்லது.

சட்டம் நிறைவேறிவிட்டது. செய்தித்தாளில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறேன். முன்பு 'கட்டாயம் இருவர்' என்று இருந்தது. இப்போது 'கூடுமானவரை இருவர்'. எங்களில் ஒருவரையும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இருநூறு வேண்டும் என்றாய். முந்நூற்றுப் பன்னிரண்டு கொடுத்தோம்.

நெட்டை படித்துவிட்டு, "கம்பெனிக்கு எப்பவும் கூடிவராதும்மா" என்றார்.  எனக்குக் கோபம்கூட வரவில்லை. காகிதத்தை மடித்துத் துணி அலமாரியில் வைத்தேன். எதற்கு அங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

நாங்கள் என்ன ஆனோம்? மென்று முழுங்காமல் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஒரே வாசகத்தில் வரும் கருத்துகளைத் தளத்திலுள்ள கருவி தானாகவே சேர்த்துவிடும். நாங்கள் அதைக் கட்டு என்போம். கட்டில் எத்தனை பேர் இருந்தாலும் எண்ணிக்கை ஒன்றுதான். முன்பு ஒரு கம்பெனி பொய்ப் பெயரில் ஒரே கருத்தைப் பத்தாயிரம் முறை போட்டதால் வந்த விதி. விதியில் தப்பில்லை. நெட்டை முதலில் போட்டதால் அவர் பெயர் மேலே நின்றது. நீங்கள் முந்நூற்றுப் பதினோரு பேரும் அவருக்குள் போய்விட்டீர்கள். அந்தக் கட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரிவு 14-க்கு வந்தது மொத்தம் எழுபத்தொன்றுதான்.

உன் மார்ச் கடிதம் 10-ஆம் தேதியே வந்துவிட்டது. கடைசி நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. ஆளாளுக்குச் சொந்தமாக எழுதச் சொல் என்று ஒரு வரி எழுதினால் போதும், எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டால்கூடப் போதும். அந்தப் பத்தி என்னுடையது என்று வெளியே வந்துவிடுமோ என்று பயந்தேன். கருவி கவனிக்காமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்துக்கொண்டேன். அது கவனிக்காமல் விடாது என்று எனக்குத் தெரியும். நாற்காலியைப் பற்றி எழுதினேன்.

பிறகு அந்தக் கட்டு என் திரைக்கே வந்தது. கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும்: 'உறுதி செய்', 'பிரி'. உண்மையான ஆட்கள் என்று தெரிந்தால் பிரிக்கலாம். பிரித்தால் ஒரு பெட்டி திறக்கும். இந்த வாசகம் யாரிடமிருந்து வந்தது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். பதினைந்து நாள் அவகாசம். பதினான்கு நாள் அதைத் திறந்து திறந்து மூடினேன். முந்நூற்றுப் பன்னிரண்டாவதாக உன் பெயர் இருந்தது. பதினைந்தாம் நாள் 'உறுதி செய்' என்பதை அழுத்தினேன். அழுத்தும்போது ஒன்றும் தோன்றவில்லை. போய் ஒரு டீ குடித்தேன்.

இதுதான் நடந்தது. மன்னிப்புக் கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள். உங்கள் ஆபீஸில் தோப்பையே தனிமரம் ஆக்கிவிட்டீர்கள். இதைச் சொன்னதும் நூலகத்தம்மா சிரித்தார், பிறகு திரைக்கு மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தார். பசை போகவில்லை.

இரண்டு பேர் வேலையை ஒரு ஆளிடம் கொடுத்ததால் உன் மாமா போனார். முந்நூறு பேர் சொன்னதை நீ ஒரு ஆள் கணக்கில் வைத்தாய். கம்பெனிக்காரனை எனக்குத் தெரியாது, அவனைத் திட்டலாம். உன்னை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். உனக்கு எதைச் சொல்லித் திட்டுவது என்று இரண்டு நாளாகத் தேடுகிறேன், அகப்படவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். விரல் போனவர் கேட்டபோது வேண்டாம் என்றது நான். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் ஏதேதோ சொல்ல வந்தார்கள். ஒவ்வொருவர் வாயையும் பக்கத்தில் உட்கார்ந்து அடைத்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. நேற்று அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "விடுங்கம்மா, அன்னிக்கு எழுதியிருந்தா மட்டும் விரல் முளைச்சிருக்குமா?" என்றார். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பிரிவு அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை ஏப்ரல்ல சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும், அந்தச் சொல் நின்னிருக்கும். இப்ப வேலை மட்டும்தான் போகுது" என்றார். போன வெள்ளிக்கிழமையோடு நின்றுவிட்டேன். நிறைவேறிய சட்டத்தை அது ஒன்றும் செய்யாது.

மேசையைக் காலி செய்யும்போது நீ முதலில் எழுதிய தாள் அடி இழுப்பறையில் கிடைத்தது. நான் சிவப்பு மையில் கடைசி இரண்டு வரியை அடித்திருக்கிறேன். எத்தனையோ ஆயிரம் கருத்து படித்திருக்கிறேன் அக்கா, நான் அடித்த வரியை அன்றைக்குத்தான் படித்தேன். உன்னுடையது, இத்துடன் அனுப்புகிறேன்.

வந்து உன்னைப் பார்க்கலாமா?

தம்பி


நவம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வேலை இல்லையென்று வேளை தப்பிச் சாப்பிடாதே. புண் உனக்குத்தான், ஆபீஸுக்கு இல்லை.

தாள் வந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே எழுத்து தெளிவாகத்தான் தெரிகிறது. படித்துவிட்டு, செய்தித்தாள் துண்டோடு துணி அலமாரியில் வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தார். தோளில் உன் மாமா வைத்திருந்த அதே மாதிரிக் கருப்புப் பை. நான் காய்கறி வாங்கிக்கொண்டு படியேறப் போனேன். "நீங்க ஒருத்தர்தான் வந்தீங்களா? ரெண்டு பேர் வரணுமே?" என்று கேட்டேன்.

"கூடுமானவரைன்னுதாம்மா சட்டம். இன்னைக்குக் கூடல" என்றார். சொல்லிவிட்டு, கீழே சுவிட்ச் அறையில் மெயினை அணைத்து, 'போடாதே' என்று எழுதிய ஒரு அட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் குழியில் இறங்கினார். நூல் அறுந்து அட்டை அப்போதே கீழே விழுந்தது. அவர் பார்க்கவில்லை.

நான் நாலு மாடி ஏறிக் காய்கறிப் பையை வைத்தேன். சமையலறை ஸ்டூலை எடுத்துக்கொண்டு நாலு மாடி இறங்கினேன். அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவிட்சுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நாற்பது நிமிஷம். முட்டி உயிரை வாங்கியது. பன்னிரண்டு மணி சுமாருக்கு முதல் மாடிக்காரர் மூச்சு வாங்கியபடி உள்ளே வந்தார். கண் தெரியவில்லையோ, அவசரமோ, "யாருங்க இதை ஆஃப் பண்ணி வச்சது?" என்று என் தலைக்கு மேலே கையை நீட்டினார்.

"போடாதீங்க. உள்ளே ஆள் இருக்கார்" என்றேன்.

"அப்படியா" என்று கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

மெக்கானிக் மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். "யாரும்மா நீங்க? இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?" என்றார்.

"ரெண்டாவது ஆளு" என்றேன்.

அவர் பையைத் தோளில் மாட்டினார். ஸ்டூலை வாங்கித் தூக்கிக்கொண்டு என் கூடவே நாலு மாடியும் ஏறி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். லிஃப்ட் சரியாகிவிட்டது, ஆனால் அவரும் லிஃப்டில் வாங்க என்று கூப்பிடவில்லை. கதவைச் சாத்திவிட்டு அழுதேன். மதியம் முழுக்க அழுதேன். ஊசியின் மரப்பு விட்டுப்போய்விட்டது தம்பி. நன்றாக வலிக்கிறது.

நேற்று அந்த மெக்கானிக் கதவைத் தட்டினார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எதிர்க் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடத்திலும் ஒரே நேரத்தில் வேலையாம். அவர் ஒன்றில், நெட்டை ஒன்றில், இரண்டு பேரும் தனித்தனியாக. "நீங்க சும்மாதான் இருப்பீங்களாம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இருப்பேன் என்றேன்.

வரலாமா என்று கேட்டிருந்தாய். உன்னை மன்னித்தேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் நான் ஒரு கட்டடத்தில்தான் உட்கார முடியும். நீயும் இப்போது சும்மாதான் இருக்கிறாய். முந்தின நாள் வியாழக்கிழமையே வந்துவிடு. வீட்டில் இன்னொரு ஸ்டூல் இருக்கிறது.

அக்கா